கண்ணாடிக்குப் பின்னால் அக்கா

தம்பி குடியை விட்ட கதையை அக்கா சொல்லாத ஆள் அந்தத் தெருவில் கிடையாது. கால்சட்டைக்கு நீளம் குறைக்க வந்தவர், ஜிப் மாற்ற வந்தவர், திரைச்சீலைக்கு ஓரம் அடிக்க வந்தவர் என்று யாராக இருந்தாலும், வீட்டின் முன்னறையில் அவள் வைத்திருக்கும் தையல் கடைக்குள் கால் வைத்துவிட்டால் கதையைக் கேட்காமல் வெளியே போக முடியாது. அவசரம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. துணி அவள் கையில் அல்லவா இருக்கிறது!

“ஒத்த மாத்திரை போடல. ஆஸ்பத்திரி வாசல மிதிக்கல. பின்பக்கத்து ரூமுக்குள்ள போய் கதவ சாத்திக்கிட்டான். நான் மெஷின இழுத்துட்டுப் போய் கதவுக்கு வெளிய போட்டு உக்காந்துட்டேன். அவன் உள்ள கத்துவான், நான் வெளிய தைப்பேன். கடைசில வெளிய வந்தான் பாருங்க, சொக்கத் தங்கம்!”

கதையில் பொய் எதுவும் இல்லை. கொஞ்சம் மடித்து, பிசிறு தெரியாமல் தைத்திருப்பாள், அவ்வளவுதான். தங்கம் கொஞ்சம் மங்கலாகத்தான் வெளியே வந்தது என்பதைச் சொல்லமாட்டாள். குடி போன பிறகும் அவன் காலையில் எழுந்திருக்கவே மாட்டான். எழுந்தாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதற்கு அக்கா வைத்த பெயர் சோம்பேறித்தனம். அதற்கு அவள் கொடுத்த மருந்து திட்டு.

தெருவில் அவனுக்குக் கப்பல் என்று பெயர். ஆடி ஆடி நடந்த காலத்தில் எவனோ ஒரு வேலையற்றவன் வைத்தது. குடியை விட்டும் பெயர் விடவில்லை. அதனால், போதை மீட்பு மையத்தில் ஆலோசகர் பயிற்சிக்கு அவனைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று தெரிந்த அன்று அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. குடித்து மீண்டவர்களையும், படித்துவிட்டு வந்தவர்களையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்து ஒரு வருடம் சொல்லிக்கொடுப்பார்களாம். முடித்தால் அந்த மையத்திலேயே வேலை. “இனிமே கப்பல்னு எவனாவது கூப்பிடட்டும், கத்தரிய எடுக்கிறேன்” என்றாள்.

பயிற்சிக்கு வீட்டில் ஒத்திகை வேறு நடந்தது. அக்காதான் நோயாளி.

“அக்கா, நான் ஒரு கேள்வி கேப்பேன். நீ பதில் சொல்ற வரைக்கும் நான் பேச மாட்டேன்.”

“நான் பதிலே சொல்லலன்னா?”

“அப்பவும் பேச மாட்டேன். மௌனத்துக்கு இடம் குடுக்கணும்னு சொல்லியிருக்காங்க.”

“இந்த வீட்ல துணி வைக்கவே இடமில்ல. இதுல மௌனத்துக்கு வேற இடமா?”

இப்படி ஒத்திகை ஒரு நாளும் உருப்படியாக முடிந்ததில்லை. ஆனாலும் அவன் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு மனசு நிறைந்துவிடும்.

பயிற்சியின் பாதியில்தான் அது நடந்தது. ஒரு டாக்ஸி டிரைவர் அவனிடம் ஆலோசனைக்கு வந்தார். குடியோடு அந்த மனிதருக்கு இன்னொரு நோயும் இருந்தது. மனசு ஒரேயடியாக ஏறும், ஒரேயடியாக இறங்கும். ஏறினால் தூக்கம் கிடையாது, இறங்கினால் எழுந்திருக்க முடியாது. அதற்கு மாத்திரை சாப்பிட்டு, குடியையும் நிறுத்தி, ஒருவாறு நிலைக்கு வந்திருந்தார். அவர் தம்பியிடம், “நீங்க எப்படி சார் விட்டீங்க?” என்று கேட்டிருக்கிறார். சார் என்று அழைத்ததும் தம்பி கொஞ்சம் மிதந்திருக்க வேண்டும். அக்கா கடையில் சொல்லும் கதை அப்படியே அவன் வாயிலிருந்து வந்துவிட்டது. ஒத்த மாத்திரை போடல.

டிரைவர் வீட்டுக்குப் போனார். இவராலேயே முடியும்போது நம்மால் முடியாதா என்று மாத்திரைகளைக் குப்பையில் கொட்டினார். சில நாள் கழித்து, தூக்கமே இல்லாமல், நாற்சந்தியின் நடுவில் நின்று வருகிற வண்டிகளையெல்லாம் நிறுத்தி உத்தரவு போட்டுக்கொண்டிருந்தவரைப் பிடித்துக் கொண்டுவந்து மறுபடியும் வார்டில் சேர்த்தார்கள். ஒரு லாரிக்காரன் சமயத்தில் பிரேக் போட்டதால் ஆள் மிஞ்சினார்.

பயிற்சி மையத்துத் தலைவி ஒரு மனநல டாக்டர். டாக்டரம்மா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவர் தம்பியைக் கூப்பிட்டு, பயிற்சியிலிருந்தே நீக்கியிருக்க வேண்டும், ஒரே ஒரு வாய்ப்பு தருகிறேன் என்றார். இறுதித் தேர்வில் இதே தவறு தலைகாட்டினால் சான்றிதழும் இல்லை, வேலையும் இல்லை.

கேள்விப்பட்டதும் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “நல்லத சொன்னதுக்குத் தண்டனையா? நான் வந்து கேக்குறேன் அந்த அம்மாவ!”

தம்பி தலையை நிமிர்த்தாமல், “அது நல்லது இல்லக்கா. அவரோட அளவு எடுக்காம என் சட்டைய மாட்டிவிட்டுட்டேன்” என்றான்.

அளவு என்று சொன்னதும் அக்கா மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் சமாதானமும் ஆகவில்லை. மறுநாள் கடையில் கதையை இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

அதற்குப் பிறகு தம்பியிடம் ஒரு மாற்றம் வந்தது. அவளுக்கு முன்பே எழுந்தான். முகம் மழிக்கும்போது ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தான். ஒரு நாள் அவள் கேட்காமலேயே கடையைப் பெருக்கிவைத்தான். எல்லாம் தான் திட்டிய திட்டின் பலன் என்று அக்கா தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

தேர்வு நாளும் வந்தது.

அந்த மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. தேர்வு எழுத்தில் இல்லை. நோயாளியாக நடிக்க ஒருவர் வருவார், அவரிடம் பயிற்சி பெற்றவர் பேச வேண்டும். அறையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு அது வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி. பின்னால் இருப்பவர்களுக்கோ எல்லாம் தெரியும், ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்கும். அங்கே தேர்வாளர்களோடு, தேர்வுக்கு வந்த ஒவ்வொருவரின் வீட்டிலிருந்தும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். மதிப்பெண் போடும் முன் அந்த வீட்டு ஆளை எல்லோர் முன்னாலும் நிறுத்தி ஒரு கேள்வி கேட்பார்கள். உங்கள் வீட்டில் வேறொருவருக்கு இந்தப் பிரச்சினை வந்தால் இவரிடம் அனுப்புவீர்களா? அனுப்பினால் ஏன், இல்லையென்றால் ஏன்? மையத்தில் அதற்கு வீட்டுக் கேள்வி என்று பெயர். அதில் அழாத ஆளே இல்லை என்று தம்பி முன்பே எச்சரித்திருந்தான். “நானா? அழவா?” என்று அக்கா சிரித்தாள்.

யாரும் கேட்டு வராமல் கடையில் கிடந்த நல்ல துணியில் அவனுக்கு ஒரு சட்டை தைத்திருந்தாள். காலர் நிற்கிற நிற்பைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

கண்ணாடிக்குப் பின்னால் அவளுக்குப் பக்கத்தில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய மகளுக்கும் அன்று தேர்வு. வந்து உட்கார்ந்த சற்று நேரத்துக்குள் அவருக்கும் அக்கா கதையைச் சொல்லி முடித்துவிட்டாள். “ஒத்த மாத்திரை போடலியா!” என்று கண்டக்டர் வாயைப் பிளந்தார். அக்காவுக்கு அந்த வாய் பிளந்தது பிடித்திருந்தது.

டாக்டரம்மா எல்லோரையும் பார்த்து, “கண்ணாடியத் தட்டாதீங்க. அழறதா இருந்தா சத்தம் போடாம அழுங்க” என்றார். பிறகு ஒலிபெருக்கியைப் போட்டார்.

தம்பி உள்ளே வந்து உட்கார்ந்தான். எதிரே வந்தது வேறொரு மருத்துவமனையின் மூத்த நர்ஸ். ஆனால் அப்படி யார் சொன்னாலும் நம்ப முடியாது. தோளைக் குறுக்கிக்கொண்டு, கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு, குடியை விட்டுக் கொஞ்ச காலம் ஆன, மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிற ஒரு பள்ளி ஆசிரியையாகவே மாறி வந்திருந்தார்.

“மாத்திரைய நிறுத்திடலாம்னு இருக்கேன்” என்றார் வந்ததும்.

“அதப் பத்திப் பேசலாம்” என்றான் தம்பி. பிறகு பேசவில்லை.

அந்த அம்மாவும் பேசவில்லை. அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். பேசுடா, பேசுடா என்று அவள் வாய் சத்தமில்லாமல் அசைந்தது. தம்பி முன்னால் கொஞ்சம் சாய்ந்து, ஊரிலேயே வேறு வேலை இல்லாதவன் மாதிரி, பொறுமையாக உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவே வாயைத் திறந்தார். பள்ளியில் வேலை ஓடுகிறது என்றார். தூக்கம் பரவாயில்லை, காலையில் எழுந்திருக்கத்தான் மனசில்லை என்றார். ஒவ்வொரு பதிலையும் தம்பி கையில் வாங்கிப் பார்த்து, “தூக்கம் வருது, ஆனா காலையில எழுந்திருக்க மனசு வரலன்னு சொல்றீங்க” என்று திருப்பிக் கொடுத்தான். அவர் தலையசைத்தார். அவன் அடுத்ததற்குப் போனான். அக்காவுக்கு ஆச்சரியமாக இருந்தது. இவன் இவ்வளவு நேரம் ஒருவர் முகத்தைப் பார்த்து அவள் கண்டதில்லை.

அப்போதுதான் நர்ஸ் அம்மா நிமிர்ந்தார்.

“நீங்களும் குடிச்சவருதானே? இங்க எல்லாரும் சொல்றாங்க.”

“ஆமா.”

“நீங்க மாத்திரை போட்டீங்களா?”

இது டாக்டரம்மா வைத்த கண்ணி என்று அக்காவுக்குக்கூடப் புரிந்துவிட்டது. இல்லை என்று சொன்னால் இந்த அம்மாவும் மாத்திரையைக் கொட்டிவிடுவார், தம்பியின் வேலையும் அதோடு போய்விடும். என்னைப் பற்றி வேண்டாம் என்று நழுவலாம். நழுவுடா என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

தம்பி ஒரு கணம் கண்ணாடிப் பக்கம் பார்த்தான். அவனுக்கு அதில் தன் முகம்தான் தெரிந்திருக்கும். ஆனால் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

“குடிய விட்டப்ப போடல” என்றான். “அது நான் பண்ண முட்டாள்தனம். அப்படித் திடீர்னு விட்டதுல வலிப்பு வந்து உயிரே போயிருக்கலாம். இங்க படிக்க வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. குடி போயும் மனசு இருண்டுதான் கிடந்துச்சு. அதுவும் ஒரு நோய்னு எனக்குத் தெரியல. இப்ப அதுக்கு மாத்திரை போடுறேன். தினமும்.” அவன் குரல் அதிரவில்லை. “என்னைப் பத்தி இது போதும். மாத்திரைய நிறுத்தணும்னு சொன்னப்ப உங்க குரல் இறங்கிடுச்சு. யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் கண்டக்டர் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். பிறகு நல்ல மனிதர் என்பதால், மேற்கூரையில் ஏதோ அதிசயத்தைக் கண்டதுபோல் அங்கேயே பார்க்க ஆரம்பித்தார்.

உள்ளே நர்ஸ் அம்மாவின் கண் கலங்கியிருந்தது. நடிப்போ நிஜமோ, அது அவருக்கே வெளிச்சம். “என் அண்ணன். மாத்திரை சாப்பிடுறவ குணமானவளான்னு கேக்குறான். நான் குடிய விட்டத எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லுவான். மாத்திரைய மட்டும் அவனுக்குத் தெரியாம சாப்பிடுறேன்.”

“அண்ணனுக்கு உங்க மேல பாசம் இருக்கு.”

“ரொம்ப.”

“அந்தப் பேச்சு வலிக்கவும் செய்யுது.”

“ஆமா.”

“ரெண்டும் நிஜம்தான்” என்றான் தம்பி.

அதற்குப் பிறகு அவன், நிறுத்துவதும் தொடர்வதும் நான் சொல்லக்கூடிய விஷயமில்லை, உங்கள் டாக்டரிடம் இதை எப்படிச் சொல்வது என்று சேர்ந்து யோசிக்கலாமா என்று கேட்டதும், அந்த அம்மா சரி என்றதும், அக்காவின் காதில் பாதிதான் விழுந்தது.

முதலில் வந்தது கோபம். என் வீட்டில், எனக்குத் தெரியாமல்! சட்டையில் ஒரு பொத்தான் தளர்ந்தால் கண்டுபிடிக்கிற எனக்குத் தெரியாமல்! பிறகு அந்தக் காலை நேரத்து முணுமுணுப்பு ஞாபகம் வந்தது. அது தன் திட்டின் பலன் இல்லை. இத்தனை காலம் அவள் சோம்பேறி என்று திட்டித் தீர்த்தது ஒரு நோயை. அதைவிடப் பெரிய இடி ஒன்று மெல்ல வந்து விழுந்தது. கடையில் அவள் ஒவ்வொரு முறை கதை சொல்லும்போதும் அவன் அடுத்த அறையில்தான் இருந்தான். ஒத்த மாத்திரை போடல என்று அவள் மார்தட்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டே, அவன் மாத்திரையை விழுங்கியிருக்கிறான். டிரைவர் காதில் போய் விழுந்ததும் அவள் தைத்த வாக்கியம்தான்.

கண்டக்டரின் மகள் உட்பட மற்றவர்களின் தேர்வுகள் நடந்தன. அக்கா எதையும் பார்க்கவில்லை. கடைசியில் எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொன்னார்கள். பயிற்சி பெற்றவர்கள் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். தம்பி அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலர் மட்டும் கம்பீரமாக நின்றது.

டாக்டரம்மா அவளை முன்னால் அழைத்தார். “உங்க வீட்ல வேற யாருக்காவது இந்தப் பிரச்சினை வந்தா, இவர்கிட்ட அனுப்புவீங்களா?”

கூடம் முழுவதும் காத்திருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. இங்கே எல்லோரும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

“அனுப்புவேன்.”

“ஏன்?”

“இவன் என் தம்பிங்கிறதுக்காக இல்ல. எனக்கு பயப்படாத ஆளு எங்க தெருவுல கிடையாது. இவனுக்கு என்கிட்ட பயம் ரொம்ப ஜாஸ்தி. நான் கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்திருக்கேன்னும் இவனுக்குத் தெரியும். நான் ஊரெல்லாம் என்ன சொல்லிட்டுத் திரியுறேன்னும் தெரியும். இத்தனை நாளா என் பெருமைக்காக வாய மூடிக்கிட்டு இருந்திருக்கான். இன்னைக்கு முன்னப்பின்ன தெரியாத ஒரு அம்மா எதிர்ல வந்து உக்காந்தாங்க. அவங்க மாத்திரைய நிறுத்திடக் கூடாதேன்னு என் பெருமைய தூக்கிப் போட்டுட்டான்.” குரல் உடைந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. “எதிர்ல இருக்கிறவங்களுக்காக சொந்த அக்காவையே விட்டுக் குடுக்குற ஆளுகிட்டதான் நோயாளிய அனுப்பணும். வேற யார்கிட்ட அனுப்புறது?”

கண்டக்டர்தான் முதலில் கைதட்டினார். டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தம்பி அழுதான். அக்காவும் அழுதாள். ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும், சத்தம் போட்டே அழுதாள்.

தேர்வு முடிவு வாசித்தபோது அவன் பெயரோடு ஆலோசகர் என்று சேர்த்து வாசித்தார்கள். நின்ற இடத்தில் அக்கா ஓர் அங்குலம் உயர்ந்த மாதிரி இருந்தது. டிரைவர் விஷயத்தில் தவறு செய்தவன்தான், அதை மறைக்கவில்லை, அதற்குப் பிறகு எந்த நோயாளியிடமும் அளவு எடுக்காமல் பேசியதில்லை என்று டாக்டரம்மா எல்லோர் முன்னாலும் சொன்னார். அளவு என்பது அவன் சொல். அது டாக்டரம்மாவின் வாய்க்கும் போயிருக்கிறது.

வீட்டுக்குத் திரும்ப பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள்.

“கோவமாக்கா?”

“கோவம்தான். எங்கடா ஒளிச்சு வெச்சிருந்த?”

“வாங்கிட்டுப் போக வராமயே போனாரே ஒரு கஸ்டமர், அவரோட கோட்டு பாக்கெட்ல.”

“என் கடையிலயேவா!”

“நீ தொடாத துணி அது ஒண்ணுதான்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, “நாளையில இருந்து சாப்பாட்டு மேஜை மேல இருக்கணும். தண்ணி ஜக்குக்குப் பக்கத்துல” என்றாள்.

“கடைக்கு வர்றவங்க பாப்பாங்களே?”

“பாக்கட்டும்.”

“பாத்தா கேப்பாங்க. நீ என்ன சொல்லுவ?”

அக்கா வாயைத் திறந்தாள். ஒரு புதுக் கதை அதற்குள் தயாராகவே இருந்தது. கண்ணாடி, நர்ஸ், கைதட்டல் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் சொல்லவில்லை. அவன் பக்கம் திரும்பி, “உன் விஷயம். என்ன சொல்லலாம்னு நீ சொல்லு” என்றாள்.

இப்படி ஒரு கேள்வியை அவள் அவனிடம் கேட்டது அதுதான் முதல் முறை. தம்பி யோசித்தான். அவர்கள் போக வேண்டிய பஸ் வந்து நின்றது. அக்கா அசையாமல் நின்றாள். பஸ் போய்விட்டது.

“மாத்திரை போடுறான்னு சொல்லுக்கா” என்றான் கடைசியில். “நல்லா இருக்கான்னும் சொல்லு.”

மறுநாள் காலையில் ஜிப் மாற்ற வந்த ஒரு பெண் உள்ளே மேஜையைப் பார்த்துவிட்டு, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டாள். அக்கா மெஷினிலிருந்து நிமிர்ந்து, “என் தம்பி மாத்திரை போடுறான். நல்லா இருக்கான்” என்றாள். அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. சேர்க்காமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ஆனால் அந்தப் பெண் போன பிறகும் அவள் முகத்தில் இருந்த பெருமை இறங்கவே இல்லை.